முன்னே நடந்தவருக்கு நாம் பட்ட கடன்

(திருப்பூரில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் கம்பெனியிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஷிப்மென்ட் தேதி நெருங்குகிற நேரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவது எளிதல்ல. அதற்காக முதலாவது நன்றி சொல்லுகிறேன். வழக்கமாக இந்தக் கூடுகையில் ஆஸ்பத்திரிப் பணிகளைப் பற்றித்தான் பேசுவோம். இம்முறை அமைப்பாளர்கள், "டாக்டர், நீங்கள் அகத்தியமலைக்குப் போய் வந்தீர்களாமே, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே மலைப் பயணத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். அதோடு, அந்த மலையிலே எனக்கு விளங்கிய ஒரு கடன் கணக்கையும் சொல்ல விரும்புகிறேன். கணக்கு வழக்கு தெரிந்த ஊர் திருப்பூர். உங்களுக்கு அது சீக்கிரம் புரியும்.

மலையும் பாதையும்

அகத்தியமலை தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக நிற்கிற மலை. நாம் பொதிகை என்கிறோம். மலையாளத்தார் அகஸ்தியகூடம் என்கிறார்கள். உயரம் 1,868 மீட்டர். கிழக்கே தாமிரபரணி இந்த மலைத்தொடரில்தான் பிறந்து திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்குச் சோறு போடுகிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் பிறக்கின்றன. இரண்டு பருவமழையும் பெறுகிற காடு என்பதால் செடிகொடி வகைகளுக்குக் குறைவே இல்லை. 2001ஆம் ஆண்டு இது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது.

இந்த மலைக்கு நினைத்தபோது போய்விட முடியாது. கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் தொடங்கி ஏறக்குறைய பிப்ரவரி முடிய மட்டுமே அனுமதி தருகிறது. நாள் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. முன்பதிவு செய்யவேண்டும். மலையேறத் தகுதியுள்ளவர் என்று மருத்துவச் சான்றிதழ் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் பொருள்கள் கூடாது. வழிகாட்டி இல்லாமல் ஓர் அடி வைக்க அனுமதி இல்லை.

நாங்கள் ஒன்பது பேர் போனோம். எங்களில் ஒருவர் இந்த ஊரிலே 30 வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வாலிபர்கள் நிட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். இரண்டு சகோதரிகளும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். சில வருடங்களுக்கு முன்பு வரை பெண்கள் இந்த உச்சிக்குப் போக முடியாது. 2018ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றம் பெண்களையும் அனுமதிக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில்தான் அந்தத் தீர்ப்பின்படி முதல் பெண் மேலே போனார். மலையைப் புனிதமாகக் கருதுகிற காணி மக்களில் பலர் அப்போது வருத்தம் தெரிவித்தார்கள். அவர்களுடைய மனதையும் நாம் மதிக்கவேண்டும் என்பதால், கூச்சல், கேலி, பாட்டு எதுவும் வேண்டாம், அமைதியாகப் போய் அமைதியாக வருவோம் என்று ரயில் ஏறும்போதே தீர்மானித்துக்கொண்டோம்.

இரவு ரயிலில் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து விதுரா வழியாகப் போணக்காடு சேர்ந்தோம். போணக்காட்டில் வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று பாழடைந்து கிடக்கிறது. அங்குள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்டிவிட்டு, பெயர்களைப் பதிவு செய்துவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

மூன்று நாள் நடை

முதல் நாள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பாதி தூரம் வரை மரநிழலும் ஓடைகளும் உண்டு. கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று வரிசையாகத் தண்ணீரைக் கடக்கிறோம். அட்டையாற்றுக்குப் பெயர் சும்மா வரவில்லை. ஈரமான காலத்தில் அங்கே அட்டைகள் காலைத் தேடி வரும். அட்டை கடித்தால் பிய்த்து எடுக்கவேண்டாம். உப்பையோ புகையிலையையோ வைத்தால் தானாக விழும். இரத்தம் உறையாதபடி ஒரு பொருளை அது நம் தோலில் செலுத்துகிறது. ஆகவே சிறிது நேரம் இரத்தம் வடியும், பயப்படவேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

அதற்குப் பிறகு புல்வெளி. வெயில் நேராகத் தலையில் விழும். பின்பு ஏழுமடக்குத்தேரி, முட்டிடிச்சான்தேரி என்று செங்குத்தான ஏற்றங்கள். முட்டிடிச்சான் என்றால், ஏறும்போது முழங்கால் வந்து நம்மையே இடிக்கிற அளவுக்குச் செங்குத்து. மாலையில் அதிருமலை முகாம் வந்துவிடுகிறது. யானை வராதபடி முகாமைச் சுற்றி அகழி வெட்டியிருக்கிறார்கள். சூடான கஞ்சியும் பாசிப்பயறும் கிடைத்தது. அதைப்போல ருசியான சாப்பாட்டை நான் பல கல்யாண வீடுகளில் கண்டதில்லை.

இரண்டாம் நாள் உச்சிக்குப் போய்த் திரும்பவேண்டும். போக சுமார் 6 கிலோமீட்டர், திரும்பவும் அதே தூரம். பொங்காலப்பாறையைத் தாண்டினால் மரங்கள் குட்டையாகிக்கொண்டே வருகின்றன. காற்றும் குளிரும் அடித்து, வயதான மரங்கள்கூட நம் இடுப்பளவில் நிற்கின்றன. கடைசியில் வழுக்குப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும். மேலே அகத்தியர் சிலை இருக்கிறது. மேகம் விலகிய சில நிமிடங்களில் தமிழ்நாட்டுப் பக்கத்து மலைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. சிருஷ்டிகரின் கைவேலையைப் பார்த்து நாங்கள் பேச்சற்று நின்றோம். மூன்றாம் நாள் வந்த வழியே இறங்கினோம்.

எங்கள் குழுவில் யார் களைத்துப்போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற வாலிபர்தான் முதலில் உட்கார்ந்தார். செக்கிங் வேலை பார்க்கிற சகோதரி ஒருமுறைகூட உட்காரவில்லை. "தினமும் பத்து மணிநேரம் நின்னே பழகிப்போச்சுங்க டாக்டர், இது என்னங்க பெரிசு?" என்று கேட்டார். சிரித்தோம். பின்பு யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னே நடந்தவர்

எங்களை அழைத்துச் சென்றவர் காணி சமுதாயத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் அவரை அண்ணா என்றோம். அவர் என்னை டாக்டர் சாரே என்றார். அவர் பேசுகிற பேச்சில் தமிழும் மலையாளமும் பாதிக்குப் பாதி. காணி மக்கள் இந்த மலையின் இரண்டு பக்கமும் வாழ்கிறவர்கள். தமிழ்நாட்டில் பாபநாசத்துக்கு மேலேயும் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன.

புறப்படுமுன் அவர் எங்கள் ஒன்பது பேரையும் ஒரு பார்வை பார்த்தார். கட்டிங் மாஸ்டர் அண்ணாவை வரிசையில் முதலாவதாக நிறுத்தினார். "இவர் நடக்கிற வேகம்தான் எல்லாருக்கும் வேகம்" என்றார். வேகமாகப் போகிறவரை முன்னே விட்டால் பின்னால் இருப்பவர் தனித்துப்போவார், தனித்துப்போனவரைத்தான் காடு பிடிக்கும் என்பது அவர் கணக்கு. ஓரிடத்தில் சட்டென்று கையைத் தூக்கினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு யானையின் வாடை வந்திருக்கிறது. முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். பின்பு மூங்கில் முறிகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அதன் பிறகுதான் எழுந்திருக்கச் சொன்னார்.

அந்த முக்கால் மணிநேரத்தில் நான் அவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன்: "அண்ணா, உங்கள் குடியில் யாருக்காவது திடீரென்று முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" அவர் சொன்னார்: "இப்போ ஜீப் வரும் சாரே. நான் சின்னப் பையனா இருந்தப்போ ரோடு இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நினைவில்லாம போனப்போ, போர்வையில கட்டி, கம்பில தூக்கி, மாமன்மாரு நாலு பேரு கொண்டு போனாங்க. நான் முன்னாடி பந்தம் பிடிச்சுப் போனேன்." அப்பா பிழைத்தாரா என்று கேட்டேன். "பிழைச்சார், பிழைச்சார்" என்று சொல்லி, மறுபடி காட்டைக் கவனிக்கத் தொடங்கினார்.

நாம் விடுமுறை எடுத்துக்கொண்டு ஆனந்தமாக நடக்கிற பாதை, இன்னொருவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை. இதைக் கேட்க நாம் கேரளத்துக்குப் போகவேண்டியதில்லை. நம்முடைய திருப்பூர் மாவட்டத்திலேயே, உடுமலைக்கு மேலே ஆனைமலையில் குழிப்பட்டி, குருமலை, மாவடப்பு போன்ற மலைக்குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய செய்திகளை நாம் நாளிதழ்களில் வாசித்திருக்கிறோம்.

பழம் தின்றவர்களும் மருந்து கண்டவர்களும்

இந்த மலையில் வழிகாட்டிகளைப் பற்றிய மெய்யான சரித்திரம் ஒன்று உண்டு. அதை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் அது கோயம்புத்தூர் வரைக்கும் வருகிறது.

1987ஆம் ஆண்டு டிசம்பரில், பழங்குடி மக்களின் தாவர அறிவைப் பற்றி ஆராய்கிற விஞ்ஞானிகள் குழு ஒன்று இந்த மலையில் ஏறியது. டாக்டர் பி. புஷ்பாங்கதன் அதன் தலைவர். காணி மக்களில் சிலர் வழிகாட்டிகளாகப் போனார்கள். ஏற ஏற விஞ்ஞானிகள் சோர்ந்துவிட்டார்கள். சுமையோடு நடந்த காணிகளோ சோரவில்லை. அவர்கள் நடந்துகொண்டே ஏதோ ஒரு சிறிய பழத்தை வாயில் போட்டு மெல்லுவதை விஞ்ஞானிகள் கவனித்தார்கள். கேட்டபோது பழத்தைக் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குக் களைப்பு நீங்கிப் புதுத்தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள். அது தங்கள் முன்னோர் காத்துவந்த அறிவு, வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்றார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. அந்த அறிவைப் பகிர்ந்துகொண்டவர்களாக மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற பெயர்கள் பதிவாகியிருக்கின்றன.

பின்பு பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடம் ஆராய்ச்சி நடந்தது. ஆரோக்கியப்பச்சையின் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995இல் அதைத் தயாரிக்கிற உரிமை கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குக் கொடுக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவிகிதம் ராயல்டி. இதிலே பாதி காணி மக்களுக்குச் சேரவேண்டும் என்று அந்த நிலையம் தீர்மானித்தது.

இப்படி ஒரு தீர்மானம் அந்நாளில் புதுமையானது. 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கை, பழங்குடி மக்களின் அறிவால் வருகிற பலனை அவர்களோடு நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று கூறியது. ஆனால் இந்தியாவில் அதற்கான சட்டம் 2002இல்தான் நிறைவேறியது. சட்டம் வருமுன்னே பங்கு கொடுத்தார்கள் என்பதால் உலகமெங்கும் காணி உதாரணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். 1997இல் காணி மக்கள் தங்களுக்கென்று ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். 1999இல் 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகமான தொகை அதன் கணக்குக்கு வந்தது. யானையால் தாயை இழந்த இரண்டு சிறுமிகளுக்கு அந்த அறக்கட்டளை உதவியது என்று வாசித்தபோது, பணம் போகவேண்டிய இடத்துக்குப் போனது என்று மகிழ்ந்தேன்.

ஆனால் முழுக் கதையையும் சொல்லவேண்டும். எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. குற்றிச்சல் பகுதிக் காணிகள் இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாக இருந்தார்கள். விதுரா, பெரிங்ஙம்மலை பகுதிகளில் இருந்தவர்களில் பலர், எங்களை யார் கேட்டார்கள் என்றார்கள். பிலாத்தி என்று அழைக்கப்படுகிற காணி வைத்தியர்கள் சிலர், எங்கள் அறிவைக் கம்பெனிக்கு விற்கக்கூடாது என்று 1995இல் முதலமைச்சருக்கே எழுதினார்கள். செடிக்குக் கிராக்கி வந்தவுடன் வேரோடு பிடுங்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். செடி அழிந்துவிடுமோ என்று வனத்துறை தடுத்தது. செடியைப் பயிரிட்டுப் பிழைக்கலாம் என்று நம்பிய குடும்பங்கள் நடுவே மாட்டிக்கொண்டன. அறிவைக் கொடுப்பதற்கு ஒரு நிமிடம் போதுமானதாயிருந்தது. அதற்குரிய பங்கு வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேலாயிற்று. அப்படி வந்ததும் எல்லாருடைய கைக்கும் வரவில்லை.

ஒரு மருத்துவனாக ஒரு வார்த்தை. அந்தப் பழத்தைத் தேடி யாரும் காட்டுக்குள் போகவேண்டாம். களைப்பு என்று வந்தால் முதலில் இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு இருக்கிறதா என்று பரிசோதியுங்கள்.

இதற்கும் வெகுகாலம் முன்பு, 1855இல், திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, இதே உச்சியில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். சாலையே இல்லாத அந்தக் காலத்தில் கருவிகளும் மரச்சாமான்களும் மனிதர் தோளில்தான் ஏறியிருக்கவேண்டும். நானே கைப்பையோடு கயிற்றைப் பிடித்துத் தொங்கிய பாறை அது. பிரௌன் பெயரை நாம் புத்தகத்தில் வாசிக்கிறோம். சுமந்தவர்கள் பெயரை யார் சொல்லுகிறார்கள்?

இரத்த அழுத்தம் பார்த்தபோது

இரண்டாம் நாள் மாலை உச்சியிலிருந்து இறங்கி முகாமில் இருந்தோம். என் பையில் இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி இருந்தது. எங்கள் குழுவினருக்கெல்லாம் பார்த்தேன். வழிகாட்டி அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கண்ணா, உங்களுக்கும் பார்க்கலாம்" என்றேன். "எனக்கு ஒரு சுகக்கேடும் இல்லை சாரே" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

176க்கு 104. நடந்து வந்த களைப்பாயிருக்கலாம் என்று அரைமணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். 172க்கு 104. மறுநாள் காலையில் எழுந்தவுடன் பார்த்தேன். அப்போதும் குறையவில்லை. தலைவலி உண்டா, மயக்கம் உண்டா, நெஞ்சு அடைக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது எதற்குப் போவது என்றார்.

சகோதரரே, இரத்த அழுத்தம் அப்படிப்பட்ட வியாதிதான். அது சத்தமில்லாமல் வருடக்கணக்காக இருக்கும். பின்பு ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். மலை ஏறுகிற பலம் இருக்கிறது என்பதற்காக அது இல்லை என்று சொல்ல முடியாது.

அப்போது எங்கள் கட்டிங் மாஸ்டர் அண்ணா ஒரு வார்த்தை சொன்னார். "டாக்டர், ஒரு தடவை ஏறுற நமக்கெல்லாம் சர்ட்டிபிகேட் இருக்குதுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை ஏறுற இவருக்கு யாருங்க பார்த்தாங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. நம்மிடம் சான்றிதழ் கேட்பது நல்ல விதி, அது உயிரைக் காக்கிறது. ஆனால் முன்னே நடக்கிறவரும் ஒரு மனிதர் என்பது நம் ஒருவருக்கும் தோன்றாமல் போயிற்று.

சீசன் முடியட்டும், பிறகு போகிறேன் என்றார். காத்திருக்க வேண்டாம், இறங்கியவுடனே போங்கள் என்று வற்புறுத்தி, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கீழே உள்ள அரசு மருத்துவமனைக்குப் போனார். மூன்று வாரம் கழித்து எனக்குத் தொலைபேசியில் பேசினார். தினமும் மாத்திரை சாப்பிடுவதாகவும், அழுத்தம் குறைந்துவிட்டதாகவும், கருவாட்டைத்தான் விடமுடியவில்லை என்றும் சொன்னார். இதை உங்களிடம் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டேன். பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள் என்றார்.

காணிக்கையா, பாக்கியா?

இப்பொழுது நம்முடைய ஊருக்கு வருகிறேன்.

திருப்பூரிலிருந்து போகிற ஒரு பனியனின் கழுத்தில் ஒரு லேபிள் இருக்கிறது. அதில் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. ஓவர்லாக் அடித்த டெய்லரின் பெயரும், கைமடித்த பிள்ளையின் பெயரும், பிசிறு வெட்டின அம்மாவின் பெயரும் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கணக்கில் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. சம்பளக் கணக்கில் இருக்கிறார்கள். ஆரோக்கியக் கணக்கில் இருக்கிறார்களா? இ.எஸ்.ஐ. பதிவில் இருக்கிறார்களா? கான்ட்ராக்டில் வந்தவர்கள், பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பாஷை தெரியாமல் நிற்கிறவர்கள், பேல் ஏற்றுகிற லோடுமேன், இரவு காவல்காரத் தாத்தா, இவர்களுக்கு யார் இரத்த அழுத்தம் பார்த்தார்கள்?

சனிக்கிழமைதோறும் நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள். அதை யாரும் காணிக்கை என்று சொல்வதில்லை, தர்மம் என்றும் சொல்வதில்லை. அது பாக்கி. உழைத்தவனுக்குக் கொடுத்தாகவேண்டியது. ஆரோக்கியப்பச்சைக் கதையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். அந்த விஞ்ஞானிகள் காணி மக்களுக்குப் பரிதாபப்பட்டு ஏதோ ஒரு தொகையைக் கொடுத்திருந்தால், அது ஒரு நாள் செய்தியாகப் போயிருக்கும். அவர்கள் அதைப் பங்கு என்று எழுதினார்கள். பங்கு என்று எழுதியதால்தான், எல்லாருக்கும் வந்ததா, யாரைக் கேட்டீர்கள், மீதி எங்கே என்று காணி மக்களால் கேட்கவும் முடிந்தது. தர்மம் வாங்குகிறவன் கணக்குக் கேட்க முடியாது. பங்குதாரன் கேட்கலாம்.

நீங்கள் ஏழைகளின் வைத்தியத்துக்காகக் கொடுக்கிறவர்கள். மனமுவந்து கொடுக்கிறீர்கள். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நான் கேட்டுக்கொள்வதெல்லாம், கொடுக்கும்போது குனிந்து கொடுக்கிற எண்ணம் வேண்டாம் என்பதே. நமக்கு முன்னே நடந்து, நம்முடைய சுமையைச் சுமந்து, நம்மை மேலே கொண்டுவந்தவர்களுக்கு, நாம் திருப்பிச் செலுத்துகிறோம். அப்படி நினைத்துக் கொடுத்தால், வாங்குகிறவருடைய தலை குனியாது.

இன்றைக்கு மூன்று காரியங்களை உங்களிடம் விட்டுச் செல்கிறேன்.

1. உங்கள் கம்பெனியிலோ வீட்டிலோ வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களை விட்டுவிட வேண்டாம். கான்ட்ராக்ட் ஆட்களையும் காவல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் அதிகமாக இருந்தால், வைத்தியரிடம் போகிற அந்த அரைநாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

2. இ.எஸ்.ஐ.க்குத் தகுதியுள்ளவர்கள் எல்லாரும் பதிவாகியிருக்கிறார்களா என்று இந்த வாரமே பாருங்கள். கார்டு இருந்தும் எங்கே போவது, எப்படிக் காட்டுவது என்று தெரியாதவர்கள் அநேகர். ஒருமுறை யாராவது கூடப் போய்க் காட்டிக் கொடுத்தால், மறுமுறை அவர்களே போய்க்கொள்வார்கள்.

3. மலைக்குப் போகிறவர்கள் போங்கள். வெள்ளியங்கிரியோ, ஆனைமலையோ, அகத்தியமலையோ, அனுமதியுள்ள பாதையில், வழிகாட்டியோடு போங்கள். அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேசின கூலியைக் குறைக்காதீர்கள். குழுவில் ஒரு மருத்துவரோ நர்சோ இருந்தால் ஒரு கருவியைக் கொண்டுபோய், முகாமில் இருக்கிற வழிகாட்டிகளுக்கும் சமையல்காரர்களுக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். நீங்கள் பார்த்துச் சொல்லுகிற ஒரு எண், ஒரு குடும்பத்தின் தகப்பனைக் காப்பாற்றலாம்.

நம்முடைய நொய்யலும் வெள்ளியங்கிரி மலையில்தான் பிறக்கிறது. நாம் குடிக்கிற பவானித் தண்ணீரும் மலையிலிருந்துதான் வருகிறது. மலையிலிருந்து வாங்கிக்கொண்டே வாழ்கிற ஊர் இது. திரும்ப அனுப்பவேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

 கருவி கொண்டுவந்திருக்கிறேன். போகுமுன் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போங்கள். வாசலில் உங்கள் வேன்களோடு காத்திருக்கிற டிரைவர் அண்ணாமார்களை முதலில் உள்ளே அனுப்புங்கள்.

கர்த்தர் உங்களையும், உங்கள் குடும்பங்களையும், உங்களுக்காக உழைக்கிற கைகளையும் ஆசீர்வதிப்பாராக.